நவதானியமும் பாலில்லா ஆகாரமும்

இராமநாதபுரம் நகருக்கு வடகிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில், பாக் ஜலசந்தியின் கரையில், தேவிபட்டினம் என்னும் ஊர் அமைந்துள்ளது. கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. அவற்றை நவக்கிரகங்களாகப் பாவித்து நவபாஷாணம் என்று ஜனங்கள் வழிபடுகின்றனர். இலங்கைக்குச் செல்லுமுன் இராமபிரான் ஸ்தாபித்தவை அவை என்பது ஸ்தல ஐதிகம். சேது யாத்திரை செய்வோரும், ஆடி அமாவாசை, தை அமாவாசை முதலிய தினங்களில் முன்னோர்க்குக் கடன் செலுத்த வருவோரும், இங்கே நீராடி, கற்களை வலம் வந்து, நவதானியங்களைக் கடலில் சமர்ப்பித்துச் செல்வது வழக்கம்.

நெல், கோதுமை, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், கொள்ளு, உளுந்து என்பனவே அந்த ஒன்பது. வழிபாட்டுப் பொருளாக அன்றி ஆகாரப் பொருளாக இவற்றை நோக்கினால் ஒரு விசேஷம் புலனாகும். ஒன்பதில் மாவுத் தானியங்கள் இரண்டே. எண்ணெய் வித்து ஒன்று. எஞ்சிய ஆறும் பருப்பு வகையைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டு வீடுகளில் நாள்தோறும் பரிமாறப்படும் இலையிலோ இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. சோறு குவியலாகவும், பருப்பு குழம்பில் கரைந்து கண்ணுக்குத் தெரியாததாகவும் இருப்பதே பெரும்பான்மை. மீனும் முட்டையும் பாலும் உண்போருக்கு இக்குறை ஓரளவு ஈடாகிவிடும். அவற்றை அறவே நீக்கியவருக்கு அவ்வாறு ஈடாவதில்லை.

மாமிசம், மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கித் தாவரப் பொருள்களை மட்டுமே கொண்டு வாழ்வோருக்கு 'வீகன்' என்னும் பெயர் 1944-ம் வருஷம் இங்கிலாந்தில் ஏற்பட்டது. ஜீவகாருண்யம் பற்றியும், தேகநலம் பற்றியும், பால் ஜீரணமாகாமை பற்றியும் இம்முறையைக் கைக்கொள்வோர் இப்பொழுது தமிழ்நாட்டு ஊர்களிலும் காணப்படுகின்றனர். தேவிபட்டினம் மீன்பிடிப்போர் வாழும் கடற்கரை ஊர். அங்கே இம்முறை பெரும்பாலோருடைய வழக்கம் அன்று. எனினும், இக்கரைக்கு உட்புறமுள்ள மானாவாரி நிலங்களின் விளைபொருளைக் கொண்டே ஒரு குடும்பம் பாலின்றித் திடமாக வாழ முடியுமா என்பது விவசாயிகள் அறிந்துகொள்ளத் தக்க விஷயமே. முடியும். ஆனால் இரண்டு சத்துக்கள் இந்நிலத்தின் எந்த விளைவிலும் போதிய அளவு கிடைப்பதில்லை. அவற்றை அறியாமல் இம்முறையில் இறங்குவோர் சில வருஷங்களுக்குப் பின் தீராத் துன்பத்துக்கு உள்ளாகக் கூடும்.

நிலம் தருவது

இராமநாதபுரம் ஜில்லாவில் வருஷ மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக் காற்றினால் கிடைப்பது. கண்மாய்ப் பாசனமும் புழுதி விதைப்பு நெல்லும் பிரதானம். குண்டு மிளகாய் இந்த ஜில்லாவின் பேர்பெற்ற பயிர்; 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்வட்டங்களில் குதிரைவாலி, கேழ்வரகு, உளுந்து, எள், நிலக்கடலை முதலியவை பயிராகின்றன. கரையை ஒட்டிப் பனையும் தென்னையும் உண்டு.

இவற்றுள் எதை எவ்வளவு உண்ண வேண்டும் என்பதே அடுத்த கேள்வி. குன்னூரில் 1918-ல் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆகார ஆராய்ச்சியே பின்னர் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அந்நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவின்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் புரதமும் வேண்டும். சுண்ணச்சத்து இருவருக்கும் 1,000 மில்லிகிராம்.

தாவர ஆகாரத்தில் புரதம் போதாது என்று அஞ்சுவோர் பலர். இவ்வச்சத்திற்குக் காரணம் அரிசியை மட்டும் எண்ணிப் பார்ப்பதே. அரிசி, கேழ்வரகு முதலிய தானியங்களின் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பு வகைகளில் லைசின் மிகுதி, மெத்தியோனின் என்னும் கூறு குறைவு. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து உண்ணப்படின் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். இட்டிலியும் பொங்கலும் அடையும் இக்கணக்கை அறியாமலே அதற்கு இணங்க அமைந்த பண்டங்கள்.

உதாரணமாக உழைக்கும் ஒருவருடைய ஒருநாள் ஆகாரத்தைக் கணக்கிடலாம். காலையில் 100 கிராம் கேழ்வரகு மாவை முந்தின இரவே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழும், அதனுடன் 30 கிராம் வறுத்த நிலக்கடலையும். பகலில் 200 கிராம் அரிசி அல்லது குதிரைவாலிச் சோறு, 40 கிராம் துவரம்பருப்பு இட்ட குழம்பு, ஒரு பெரிய பிடி முருங்கைக்கீரை. மாலையில் 50 கிராம் கொள்ளுச் சுண்டல். இரவில் 75 கிராம் அரிசியும் 25 கிராம் உளுந்தும் சேர்ந்த தோசை, 15 கிராம் எள்ளைத் தோலுடன் வறுத்து அரைத்த துவையல். இவற்றைக் கூட்டினால் புரதம் 60 கிராமுக்கு மேலும், சுண்ணச்சத்து ஏறத்தாழ 1,000 மில்லிகிராமும் வரும். இதில் பால் ஒரு துளியும் இல்லை என்பது கவனிக்கத் தக்கது.

சுண்ணச்சத்தைப் பற்றிச் சற்று விரித்துரைப்பது அவசியம். 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணச்சத்து உண்டு. அதே அளவு கேழ்வரகில் அது சுமார் 350. தோல் நீக்காத எள்ளில் ஆயிரத்தைத் தாண்டும். ஆயினும் இவ்வெண்களைக் கொண்டு பாலைவிட எள் பன்மடங்கு மேலானது என்று முடிவு கட்டுவது பிழை. எள்ளின் தோலிலுள்ள ஆக்சலேட்டும், தானியங்களிலுள்ள ஃபைட்டேட்டும் சுண்ணத்தையும் இரும்பையும் பிணித்து, குடலில் சேராவண்ணம் தடுத்துவிடுகின்றன. பாலை ஒருவர் நாழியால் அளந்து குடிக்கலாம். எள்ளை அவ்வாறு தின்னவும் இயலாது. தானியத்தையும் பயற்றையும் ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல், வறுத்தல் ஆகிய பழைய முறைகளால் ஃபைட்டேட்டின் தடை பெரிதும் குறையும். விறகுச் செலவைக் கருதியும், வேலைக்கு விரைந்தும், இம்முறைகளை இக்காலத்தார் கைவிடுகின்றனர். பாலையும் விட்டு இவற்றையும் விடுவது இரட்டை நஷ்டம்.

இரும்புச்சத்துக்குக் கொள்ளு, கீரைகள், எள் ஆகியவை உதவும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றில் ஒன்று அதே வேளையில் சேர்ந்தால் இரும்பு நன்கு சேரும். உண்டவுடன் தேயிலைத் தண்ணீரோ காப்பியோ குடித்தால் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதில் தோஷமில்லை. பாலை விட்டவர்க்குச் சுக்கும் கொத்தமல்லி விதையும் தட்டிப் போட்டுக் கருப்பட்டி சேர்த்த நீர் நல்ல பானம். கருப்பட்டியில் தாதுப்பொருள்கள் சிறிதளவு உண்டென்பது மெய். ஆயினும் அது சர்க்கரையே. நீரிழிவு உள்ளவர் அதை மருந்தென்று எண்ணி அருந்தலாகாது.

நிலக்கடலைப் பாலும் தயிரும்

பாலை விட்டோர் முதலில் வருந்துவது தயிருக்காகவே. நீர்மோரின்றி இராமநாதபுரத்துக் கோடையைக் கழிப்பது எளிதன்று. இதற்கு நிலக்கடலை ஒரு மாற்று ஆகும். 100 கிராம் பருப்பை எட்டு மணி நேரம் நீரில் ஊறவைத்துத் தோல் நீக்கி, பல முறை அலசி, சுமார் 600 மில்லிலிட்டர் நீர் விட்டு நைய அரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். வடித்ததை அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே பதினைந்து நிமிஷம் காய்ச்சினால் சற்றுத் திரளும். பச்சை வாசனையும் நீங்கும். பின் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பத்துப் பன்னிரண்டு மிளகாய்க் காம்புகளை அதில் இட்டு, வெதுவெதுப்பான இடத்தில் ஓர் இரவு மூடிவைக்க வேண்டும். காம்புகளில் இயற்கையாகத் தங்கியுள்ள புளிப்பு நுண்ணுயிர்கள் பெருகித் தயிராக உறைவிக்கும். முதல் முறை உறைந்தது நெகிழ்ந்தும் ஒருவித வாசனையோடும் இருக்கும். அதை உறைமோராகக் கொண்டு மறுநாள் உறையூற்றினால் கெட்டியாகவும் இனிய புளிப்போடும் அமையும். உறைந்தது பூஞ்சை பூத்தோ, நிறம் மாறியோ, துர்நாற்றம் வீசியோ இருப்பின் கொட்டிவிட வேண்டும். தென்னை உள்ள வீட்டார் அரைத்த கடலையில் சிறிது தேங்காய்ப்பால் சேர்ப்பதும் உண்டு.

இதற்குக் கொள்ளும் கடலையில் பூஞ்சை பூத்ததும், சுருங்கியதும், கசப்பதும் கலந்திருக்கக் கூடாது. ஈரத்தோடு சேமித்த கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுப்பது. காய்ச்சினாலும் முற்றும் நீங்காது. காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை உலர்த்திச் சேமிப்பது விற்பனைக்கும் வீட்டுக்கும் ஒருங்கே நன்மை.

நிலக்கடலைப் பாலில் புரதம் உண்டு, சுண்ணச்சத்து சொற்பம். ஆகவே நிறத்திலும் உபயோகத்திலும் பாலை ஒத்திருப்பினும், ஊட்டத்தில் அதற்கு நேர் ஆகாது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதையோ வேறெந்தத் தாவரப் பாலையோ ஊட்டுதல் அபாயம்.

நிலத்தில் விளையாத சத்து

1912-ம் வருஷம் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியடிகளும் அவருடைய நண்பர் காலன்பாக்கும் பால் அருந்துவதை விட்டனர். 1918-ல் கேடா ஜில்லாவில் அடிகள் ஊர் ஊராக அலைந்தபோது, அரைத்த நிலக்கடலையும் எலுமிச்சையுமே அவருக்கு முக்கிய ஆகாரமாக இருந்தன. கடும் வயிற்றுக்கடுப்பு கண்டு படுக்கையில் விழுந்தார். வைத்தியர்கள் வற்புறுத்தியும் விரதத்தைக் கருதிப் பாலை மறுத்தார். விரதம் பூண்டபோது பசுவின் பாலும் எருமைப்பாலுமே அவர் மனத்தில் இருந்தன என்று கஸ்தூரிபாய் எடுத்துக்காட்டிய பிறகு, ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். இதனால் அவர் மனம் அமைதியுறவில்லை. பாலுக்கு நிகரான தாவரப் பொருளைப் படிப்பினால் அன்றி அநுபவத்தால் அறிந்தவர் எவரேனும் இருப்பின் தெரிவிக்குமாறு சுயசரிதையில் கேட்டுக்கொண்டார்.

அந்த வேண்டுகோளுக்கு முழுமையான விடையை அக்காலத்தில் எவரும் அளித்திருக்க முடியாது. ஏனெனில், பி-12 என்னும் ஜீவசத்து 1948-ம் வருஷத்திலேதான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அமெரிக்க அறிக்கை ஏப்ரல் மாதம் வெளியானபொழுது அடிகள் மறைந்து மூன்று மாதங்கள் கூட நிறையவில்லை. அடிகளுக்கு நேர்ந்த நோய் இச்சத்துக் குறைவினால் வந்தது என்று கொள்ளலாகாது. ஆயினும், தாவர ஆகாரம் மட்டும் உண்போர் பலர் வருஷக்கணக்கில் மெலிந்து தளர்வதற்கு ஒரு பெருங்காரணம் அதன்பிறகே விளங்கிற்று.

பி-12 சத்தைத் தாவரங்கள் ஆக்குவதில்லை. அவற்றிற்கு அது தேவையும் இல்லை. பசுவும் ஆடும்கூட அதைத் தாமே ஆக்குவதில்லை. அவற்றின் அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள், தீனி வழியாக மண்ணிலிருந்து வரும் கோபால்ட் என்னும் உலோகத்தைக் கொண்டு அதை ஆக்குகின்றன. அதுவே பாலிலும் மாமிசத்திலும் சேர்கிறது. விவசாயிகள் அறிந்த இன்னொரு நுண்ணுயிரும் இதைச் செய்வதுண்டு. உளுந்து, துவரை முதலியவற்றின் வேர் முண்டுகளில் தங்கிக் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தும் ரைசோபியம், தன் தொழிலுக்கு வேண்டிய பி-12 சத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆயினும் வேரில் உள்ளது பருப்புக்கு ஏறுவதில்லை. ஆகையால் பருப்பை எவ்வளவு உண்டபோதிலும் இச்சத்து கிடைக்காது.

பழைய சோற்று நீராகாரத்தில் பி-12 நிறைந்திருப்பதாகச் சிலர் சொல்கின்றனர். நீராகாரம் குடலுக்கு இதமானது, வெயில் வேளைக்கு ஏற்றது. இச்சத்துக்கு அதை நம்பியிருப்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. மாத்திரையாக விற்கப்படும் சுருள்பாசியின் நிலை இன்னும் மோசம். அதில் உள்ளதில் பெரும்பகுதி உண்மையான பி-12 போலத் தோற்றமளிக்கும், ஆனால் உடலுக்குப் பயன்படாத, போலிப் பொருள். மண்டபம், இராமேசுவரம் கரைகளில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் கடற்பாசிகளுள் கஞ்சியில் சேர்க்கப்படுவதும் உண்டு. அதையும் இச்சத்துக்கு நம்பலாகாது.

இந்தக் குறைவின் வஞ்சகம் அது மெதுவாக வருவதில் இருக்கிறது. ஈரலில் சேமிப்பு உள்ளவரை, பாலை விட்ட பின்னும் இரண்டு மூன்று வருஷங்கள், சில சமயம் அதற்கும் மேல், யாதொரு குறியும் தோன்றாது. அப்பால் களைப்பு, நாக்குப் புண், பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும், நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். உப்புத் தண்ணீரிலும் வரப்பிலும் நாளெல்லாம் நிற்பவர், கால் மரப்பதை வேலையின் பலன் என்று கருதி விட்டுவிடுவார். வயதானவராயின் முதுமை என்பர்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1928-ல் இந்தியாவுக்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்திய ஸ்திரீ, பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு நேர்ந்த ஒருவகைக் கடும் சோகையை ஆராய்ந்தார். 1929-ல் சில மாதங்கள் குன்னூரிலும் தங்கி ஆராய்ச்சி நடத்தினார். ஈஸ்ட் சாரத்தால் அச்சோகை தீர்வதை 1931-ல் வெளியிட்டார். அந்தச் சாரத்தில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பிற்பாடு தெரிந்தது. கீரையும் பயறும் மிகுதியாக உண்போருக்கு இந்தச் சத்து தாராளமாகக் கிடைக்கிறது. அதனால், பி-12 குறைந்தபோது இரத்தத்தில் தோன்ற வேண்டிய சோகை வெளிப்படாமல் மறைந்துபோகலாம். நரம்புகள் மட்டும் உள்ளே பழுதாகிக்கொண்டிருக்கும். நல்ல தாவர ஆகாரம் உண்பவரே இவ்வகையில் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டியவராகிறார். இரத்தத்தில் பி-12 அளவைச் சோதிக்காமல், சோகை இல்லை என்ற ஒன்றைக்கொண்டு திருப்தியடைவது தவறு.

பெரியவர்க்கு நேரும் கேட்டைவிடக் குழந்தைகளுக்கு நேர்வது கொடிது. 1962-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் 'லான்செட்' என்னும் லண்டன் பத்திரிகையில் சில கைக்குழந்தைகளின் நிலையை விவரித்தனர். தாய்ப்பாலில் வளர்ந்த அக்குழந்தைகள் சோர்ந்து, சுற்றியுள்ளோரைக் கவனியாமல், முன்பு கற்ற அசைவுகளையும் இழந்து, கைகால்கள் தம்மையறியாமல் அசைய, தோல் கருத்துக் காணப்பட்டன. தாய்மாருக்கே பி-12 குறைந்திருந்தது. ஆகவே பாலிலும் அது இல்லை. அச்சத்தைச் செலுத்தியதும் குழந்தைகள் தேறின. கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் இம்முறையைக் கைக்கொள்ளுவதாயின், முதல் மாதத்திலேயே மருத்துவரிடம் கூறி மாத்திரை பெறுவது இன்றியமையாதது.

மாத்திரையோ விலையுயர்ந்ததன்று. நாள் ஒன்றுக்கு உடல் வேண்டுவது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம். குடல் ஒரு வேளையில் சிறிதளவே ஏற்குமாதலின் மாத்திரையில் அதைவிடப் பன்மடங்கு வைத்திருப்பர். எந்த அளவு, வாரத்துக்கு எத்தனை என்பதை மருத்துவர் நிச்சயிப்பார். இம்மருந்து தொழிற்சாலைகளில் நுண்ணுயிர்களைப் புளிக்கவைத்து ஆக்கப்படுவது. பிராணிகளின் உறுப்பிலிருந்து எடுப்பதன்று. விரதத்தில் கண்டிப்புள்ளவர் மேலுறையைக் கவனித்தால் போதும். சில உறைகள் எலும்பு, தோல் இவற்றிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனவை; சில மாத்திரைகளில் பாற்சர்க்கரை சேர்ந்திருக்கும். இவையின்றிச் செய்தவையும் கடைகளில் கிடைக்கும்.

கடலோரத்து உப்பு

இரண்டாவது சத்து அயோடின். கடலருகே வாழ்வோர்க்கு அயோடின் குறையாது என்பது பொதுவான நம்பிக்கை. மீன் உண்போர் விஷயத்தில் அது பெரும்பாலும் மெய்யே. மீனை விட்டவரோ உப்பினால் அது கிடைக்கும் என்று எண்ணி ஏமாறுகிறார். கடல்நீரிலேயே அயோடின் மிகச் சொற்பம். பாத்திகளில் காய்ந்து உப்பாகும்போது எஞ்சுவது அதனினும் சொற்பம். ஆகவே உப்பளத்திலிருந்து நேரே வாங்கிய கல்லுப்பு வெண்மையிலும் ருசியிலும் சிறந்திருப்பினும், இக்குறையைத் தீர்க்காது.

நேரடியாக உண்பதற்கு அயோடின் சேராத உப்பை விற்கலாகாது என்னும் விதி 2006-ம் வருஷம் மே மாதம் முதல் இந்தியா முழுவதும் மீண்டும் அமலுக்கு வந்தது. வாங்குவோர் கைக்கு வரும்போது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராமேனும் அயோடின் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாள்தோறும் சுமார் 150 மைக்ரோகிராம் தேவை. கர்ப்பிணிக்கு இன்னும் அதிகம். இந்த ஜில்லாவிலேயே மாரியூர்-வாலிநோக்கத்தில் 1974 முதல் இயங்கும் தமிழ்நாடு உப்புக் கழகம் அயோடின் கலந்த உப்பைத் தயாரிக்கிறது. அதை மூடிய பாத்திரத்தில், அடுப்பின் அனலும் ஈரமும் படாமல் வைத்து, சமையல் இறக்கும் தருணத்தில் இடுவது நல்லது. இதைக் காரணமாகக் கொண்டு உப்பை மிகுதியாக உண்ணவும் கூடாது. இரத்த அழுத்தம் கூடும். கடற்பாசியில் அயோடின் உண்டாயினும், இனத்துக்கு இனம் அளவு பெரிதும் வேறுபடும், மிகுதியும் தீங்கே.

உண்ணும் விதமும் உடற்பேணலும்

மேற்கூறிய கணக்கு யாவும் ஒரு பெண்மணி விஷயத்தில் பொய்த்துப்போவதைப் பல வீடுகளில் காணலாம். அவளே சமைக்கிறாள், வீட்டார் உண்ட பிறகு எஞ்சியதை உண்கிறாள். எஞ்சுவது சோறும் ரசமும். பருப்பும் கீரையும் சுண்டலும் அதற்குள் தீர்ந்திருக்கும். மீனும் பாலும் உள்ள வீட்டிலேயே இவ்வழக்கத்தால் சோகை வருகிறது. அவையில்லாத வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. சமைத்தவுடன் அவளுடைய பங்கைத் தனியே எடுத்து வைப்பதற்குக் காசும் வேண்டாம், சாஸ்திரமும் வேண்டாம். கூடியிருந்து உண்பது அதனினும் நன்று.

பருப்பும் நாருள்ள தானியங்களும் மிகுந்த ஆகாரத்தை விரைந்து விழுங்கினால் வயிறு உப்பும். இம்முறைக்குப் புதியவர் ஒரு மாதத்தில் பழக்கத்தைவிட்டு ஓடுவது பெரும்பாலும் இதனாலேயே. கொள்ளையும் மொச்சையையும் முதல் வாரம் சிறிதாகத் தொடங்கி, ஊறவைத்த நீரை இறுத்துக் கொட்டி, நன்கு வேகவைத்து, இஞ்சி, பெருங்காயம் சேர்த்து உண்ண வேண்டும். உட்கார்ந்து, பேச்சையும் கைப்பேசியையும் ஒதுக்கி, ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மெல்லுவது பாதி ஜீரணம். பசி அடங்கிற்று என்னும் செய்தி வயிற்றிலிருந்து மூளைக்கு எட்டச் சுமார் இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் இலையைக் காலி செய்பவர் அளவுக்கு மேல் உண்டபின்பே அதை அறிவார்.

கோடையில் வயல் வேலையை விடியலிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, நண்பகலில் நிழலில் ஒதுங்க வேண்டும். தாகம் தோன்றும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் அருந்துவது அவசியம். பதநீரும் நுங்கும் இக்கரைக்கு இயற்கை அளித்த கோடைப் பண்டங்கள். தைமாதத்தில் பனங்கிழங்கு வயிற்றை நிரப்பும். வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்து மிதமான வெந்நீரில் நீராடுவது உப்புக் காற்றில் வறண்ட தோலுக்கு இதம். சீயக்காயும் அரப்பும் முற்றும் தாவரப் பொருள்களாதலின், கொழுப்பு கலந்த சோப்பை விலக்குவோர்க்கும் அவை தக்கன. கடலில் நீராடியோர் நல்ல நீரால் அலசி, கால்விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்துதல் வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சீமைக்கருவேல் முள் தைத்ததும் தெரியாது. ஆகவே இரவு படுக்குமுன் விளக்கொளியில் உள்ளங்காலைப் பார்ப்பது நல்ல வழக்கம். பொழுதைப் பெரும்பாலும் வீட்டுக்குள் கழிப்போர் நாள்தோறும் சிறிது நேரம் வெயில் படும்படி இருந்தால் டி ஜீவசத்து தோலில் உண்டாகும்.

வீட்டுப் பின்புறம்

இவ்வாகாரத்திற்கு வேண்டிய கீரையைக் கடையில் வாங்குவது கட்டுப்படியாகாது. முருங்கை இரண்டும் அகத்தி நாலும் ஒரு குடும்பத்திற்குப் போதும். அகத்தியில் சுண்ணச்சத்து முருங்கையினும் அதிகம். கசப்பினால் வாரம் ஒருமுறைக்கு மேல் உண்ண இயலாது. இரண்டையும் நீர் தேங்காத மேட்டில் வைக்க வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாயின் முதல் வருஷம் சேமித்த மழைநீரையோ, பாத்திரம் கழுவிய சோப்பில்லாத நீரையோ ஊற்றலாம்.

வயலில் துவரையும் மொச்சையும் வரப்போரமாக நட்டால் தனி நிலம் வேண்டியதில்லை. விதைக்குமுன் ரைசோபியம் கலப்பதால் உரச்செலவு குறையும். இங்கே ஒரு சங்கடமும் எழும். இந்த ஜில்லாவில் ஆட்டுக்கிடை மடக்கி எருவூட்டுவது பழைய வழக்கம். தாவரம் மட்டும் உண்பவர் அந்நிலத்து நெல்லை உண்ணலாமா என்று கேட்போர் உண்டு. அது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. கிடையை விரும்பாதவர்க்குக் கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் வேப்பம் புண்ணாக்கும் இருக்கின்றன. கொழிஞ்சி வறட்சிக்கு ஈடுகொடுக்கும். ஆடும் மாடும் அதை அதிகமாக மேயாத காரணத்தால் வேலியில்லாத புன்செய்க்கும் ஏற்றது.

முருங்கைக்கு விரல் பருமனைவிடச் சற்றுப் பெரிதாய், மூன்றடி நீளமுள்ள முற்றிய போத்து தக்கது. வெட்டியபின் இரண்டு நாள் நிழலில் கிடத்தி, வெட்டுவாய் உலர்ந்த பின்பு, ஐப்பசி மழை வலுப்பதற்கு முன்னதாக ஓரடி ஆழத்தில் நட்டு, மேல்நுனியில் சாணமோ களிமண்ணோ அப்பிவிட வேண்டும். துளிர் ஒரு முழம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, கைக்கெட்டும் உயரத்திலேயே இலை கிடைக்கும்.